காட்பாடியில் இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு பூட்டு

எங்கள் வேலூர் வீட்டை, ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். அதன் பழைய பூட்டுக்கு மொத்தம் ஏழு சாவிகள் செய்திருந்தோம். கடைசியில் கையில் மிஞ்சியவை இரண்டு. மற்ற ஐந்தும் மால்டா, சிலிகுரி, அகர்தலா, ஜாம்ஷெட்பூர் என்று எங்கெங்கோ யார் யாருடைய பைக்குள்ளோ கிடக்கின்றன. எடுத்துப் போனவர்கள் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆபரேஷன் முடிந்த மனைவியைக் கைத்தாங்கலாக ரயில் ஏற்றுகிற அவசரத்தில், சட்டைப்பையில் ஒரு சாவி இருப்பது யாருக்கு நினைவிருக்கும்? இரண்டு பேர் ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து மன்னிப்புக் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் கூரியரில் அனுப்பியும் வைத்தார். மிஞ்சிய இரண்டில் ஒன்று அதுதான்.

சாவி வேண்டாத பூட்டு ஒன்றை அந்த வீட்டுக்குத் தேடி எடுக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அதைப் பொருத்தி முடித்த பிறகும் இரண்டு மூன்று விஷயங்களைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இதே மாதிரி வீட்டை வாடகைக்கு விடுகிற தோழிகள் இரண்டு பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

வீடு தோட்டப்பாளையத்தில், இரண்டாவது மாடியில் இருக்கிறது. என் அம்மா செவிலியராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. 2019-இல் அம்மா போன பிறகு ஒன்றரை வருடம் பூட்டியே கிடந்தது. நான் ராணிப்பேட்டையில் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். அங்கே போய்க் குடியிருக்கவும் முடியாது, விற்கவும் மனம் வரவில்லை. அப்போதுதான் அம்மாவோடு வேலை பார்த்த ஒரு அக்கா, "பேஷண்ட் குடும்பங்களுக்குக் குடும்மா, உங்கம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்" என்றார். 2021-இலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

வேலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்று வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, பங்களாதேஷ் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகைகளே வங்க எழுத்தில் இருக்கும். ஆட்டோக்காரர்கள் வங்காளம் பேசுவார்கள். வருகிறவர்கள் பத்து நாள், இருபது நாள், சில சமயம் இரண்டு மாதம்கூடத் தங்குவார்கள். நோயாளிக்குக் கஞ்சி வைக்க வேண்டும், மற்றவர்களுக்கு மீனும் சோறும் ஆக்க வேண்டும். அதனால் லாட்ஜைவிட அடுப்படி உள்ள வீட்டைத் தேடுவார்கள்.

2023 கார்த்திகையில் ஒருநாள் ராத்திரி இரண்டே முக்காலுக்குப் போன் வந்தது. அசாமிலிருந்து மூன்று பேர். வண்டி தாமதமாகி நடுராத்திரிக்கு மேல் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். சாவியை வாட்ச்மேன் தாத்தாவிடம் கொடுத்து வைத்திருந்தேன். அவருக்கு அன்று காய்ச்சல். கேட்டை மட்டும் தாழிட்டுவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். நானும் என் கணவரும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர மூன்றரை மணி ஆகிவிட்டது. கழுத்தில் பட்டை கட்டிய ஒரு பெரியவர் மாடிப்படியில் மகளின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "ஆப்கோ தக்லீஃப் ஹுயீ" (உங்களுக்குச் சிரமமாகிவிட்டது) என்று என்னிடமே அவர் வருத்தம் சொன்னார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதன் பிறகு எந்தப் பூட்டைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: அந்தப் பெரியவரும் மகளும் ராத்திரி மூன்று மணிக்கு இதை யார் உதவியும் இல்லாமல் திறப்பார்களா?

முதலில் செய்தது சுலபமான வேலை. நான்கு எண் சுழற்றித் திறக்கிற சின்ன இரும்புப் பெட்டி ஒன்றைக் கிரில் கம்பியில் மாட்டி, அதற்குள் சாவியை வைத்தேன். ஆயிரத்து இருநூறு ரூபாய். நான்கு மாதம் ஓடியது. ஆனால் அதில் சாவி என்னவோ சாவிதான், அது ஊருக்குப் போவது நிற்கவில்லை. எண்ணை மாற்ற ஒவ்வொரு முறையும் நான் நேரில் போக வேண்டும். போக முடியாதபோது அதே எண் தொடரும், பிளம்பர் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்துபோகும். படியில் வெளிச்சம் குறைவு, அந்தச் சின்னச் சக்கரங்களில் உள்ள எண்களைக் கண்ணாடி போட்டவர்களால் படிக்க முடியவில்லை. அப்புறம், வாசலில் அந்தப் பெட்டி தொங்கினாலே இந்த வீட்டில் சொந்தக்காரர் இல்லை என்று படியேறுகிற எல்லாருக்கும் சொல்லிவிடுகிறது. ஒரு பெண்மணி மகளோடு தனியாகத் தங்க வந்தபோது இதை என்னிடம் கேட்டே விட்டார். அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

அடுத்து டிஜிட்டல் பூட்டுகள். ஆன்லைனில் பார்த்தால் ஆறாயிரத்தில் தொடங்கி முப்பதாயிரத்துக்கு மேலும் போகிறது. கோத்ரெஜ், யேல் மாதிரி பழைய பூட்டுக் கம்பெனிகளும் போடுகின்றன, பெயர் கேள்விப்படாதவையும் ஏராளம். படங்களைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் கதவைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடிய முதல் விஷயம். எங்களுடையது தேக்குக் கதவு, ஒன்றரை அங்குலத் தடிமன், இழைத்த சட்டங்களுக்கு நடுவே பலகை பதித்தது. நிறைய டிஜிட்டல் பூட்டுகள் கதவுக்குள் செதுக்கி இறக்குகிற மார்டைஸ் வகை. அந்தப் பெட்டி இறங்குகிற அளவுக்கு ஓரச் சட்டம் அகலமாக இருக்க வேண்டும், வெளித்தகடு உட்கார மட்டமான இடமும் வேண்டும். எங்கள் கதவில் சட்டத்தின் ஓரத்தில் அலங்கார வரி ஓடுகிறது. ஆசாரி டேப் வைத்துப் பார்த்துவிட்டு, "தேக்கும்மா இது. ஒருதரம் குடைஞ்சிட்டா குடைஞ்சதுதான். பூட்டு தோதுப்படலைன்னா கதவு போச்சு" என்றார். பூட்டின் அளவுத் தாளை முதலில் அச்செடுத்து, கதவில் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினோம். இரண்டு மாடல்கள் அந்தத் தாளிலேயே தோற்றுப்போயின.

கிரில் கேட்டை யாரும் யோசிப்பதில்லை. நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் மரக்கதவுக்கு முன்னால் ஒரு இரும்புக் கிரில், அதில் ஒரு தொங்கு பூட்டு. உள்கதவில் இருபதாயிரம் ரூபாய்க்கு எண் பூட்டு போட்டுவிட்டு, வெளியே சாவிப் பூட்டைத் தொங்கவிட்டால் என்ன பயன்? எங்கள் கிரிலில் தொங்கியது அம்மா வாங்கிய திண்டுக்கல் பூட்டு, மாங்காய் பூட்டு என்பார்களே, அது. கையில் எடுத்தால் கனம் தெரியும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அம்மா உயிரோடு இருந்திருந்தால் அதைத் தூக்கிக் காட்டியிருப்பார். அதைக் கழற்ற எனக்கு மனம் வரவேயில்லை. கடைசியில் கிரிலுக்கு உள்பக்கத் தாழ் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். உள்ளே இருப்பவர்கள் விரும்பினால் தாழிட்டுக்கொள்ளலாம், வெளியே போகும்போது சும்மா சாத்திவிட்டுப் போகலாம். அம்மாவின் பூட்டு இப்போது எங்கள் சாமான்கள் இருக்கும் சின்ன அறைக்குக் காவல். அதன் சாவி என் கைப்பையிலேயே இருக்கிறது.

கீழே அபார்ட்மெண்டின் பொதுக் கேட்டும் உண்டு. அதை எந்தப் பூட்டும் தீர்க்காது. சங்கத்தில் பேசி, வருகிறவர்களின் பெயரையும் வரும் நேரத்தையும் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது, தாத்தா இல்லாத அன்று மாற்று ஆள் இருப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டேன். சங்கத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பூட்டைவிட அது முக்கியம்.

சரி, எதை வைத்துத் திறப்பது? கடைக்காரர்கள் எல்லாரும் முதலில் காட்டுவது கைரேகை. சொந்த வீட்டுக்கு நல்லதுதான். பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்குச் சரிவராது. ரேகையைப் பதிய யாராவது நேரில் இருக்க வேண்டும், அப்படி நேரில் இருக்க முடிந்தால் சாவியையே கொடுத்துவிடலாமே. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று எங்கள் வீட்டில் தங்குகிறவர்களாலேயே தெரிந்தது. வயலில் வேலை செய்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். புற்றுநோய்க்குக் கொடுக்கிற கேபெசிட்டபைன் என்ற மாத்திரை சிலருக்கு உள்ளங்கையையும் விரல்களையும் சிவக்க வைத்து, தோலை உரித்து, ரேகையையே அழித்துவிடும். சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவர் இந்த மருந்தால் ரேகை விழாமல் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டதை 2009-இல் ஒரு புற்றுநோய் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தங்கிய ஒரு அம்மா இதே மாத்திரை சாப்பிட்டவர். விரல் நுனிகளில் துணி சுற்றிக்கொண்டுதான் பாத்திரம் கழுவினார். அவரிடம் போய் விரலை வைத்துக் கதவைத் திறங்கள் என்று சொல்ல முடியுமா?

ஆப் வைத்துத் திறக்கிற பூட்டும் வேண்டாம் என்று தள்ளினேன். விருந்தாளியும் ஆப் இறக்கி, கணக்குத் தொடங்கி, ஓடிபி வாங்க வேண்டும். பங்களாதேஷிலிருந்து வருகிறவர்களிடம் முதல் நாள் நம் நாட்டு சிம் இருக்காது. குடும்பத்தில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான் இருக்கும், அது மகனோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும். வீட்டுக்குத் திரும்புகிற அம்மாவின் கையில் இருப்பது பட்டன் போன்.

ஆகவே எண். கூடவே ஹோட்டலில் கொடுப்பது மாதிரி ஒரு அட்டை. எண்ணை நினைவில் வைக்க முடியாதவர்களுக்கு அட்டையைக் காட்டினால் போதும். தொலைந்தால் அந்த அட்டையை மட்டும் பூட்டிலிருந்து நீக்கிவிடலாம், புது அட்டை ஐம்பது அறுபது ரூபாய்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் மேஜை மேல் இரண்டு அட்டைகள் இருக்கும்படி வைத்திருக்கிறேன். அட்டை ஊருக்குப் போனாலும் இப்போது எனக்குக் கவலை இல்லை.

எண் பலகையில் இரண்டு விதம் உண்டு. கண்ணாடி மாதிரி வழவழப்பாக, உள்ளங்கையை வைத்தால்தான் எண்கள் ஒளிரும் வகை ஒன்று. நிஜமான பொத்தான்கள் உள்ள வகை இன்னொன்று. முதல் வகை அழகு. ஆனால் வேலூரில் ஒரு கடையில் நான் பதினைந்து நிமிடம் சும்மா நின்று பார்த்தேன். உள்ளே வந்த பெரியவர்கள் யாருக்கும் அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் தொட வேண்டும் என்று தோன்றவில்லை. எண்ணே தெரியாதபோது எங்கே அழுத்துவது? நான் பொத்தான் வகையை எடுத்தேன். அழுத்தினால் 'டிக்' என்று விரலுக்குத் தெரிகிறது. ஒரே எண்ணை வருடக்கணக்கில் வைத்திருந்தால் அந்தப் பொத்தான்கள் மட்டும் தேய்ந்து காட்டிக் கொடுத்துவிடும் என்பார்கள். ஆளுக்கு ஒரு எண் மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பயம் இல்லை.

எண் எப்படிப் பூட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் மிக முக்கியம். நான் அதிகம் படித்ததும் தவறு செய்ததும் இதில்தான். சில பூட்டுகள் வைஃபையில் நேரே இணைகின்றன. எங்கிருந்தும் எண்ணை மாற்றலாம், ஆனால் பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும், கரண்ட் போனால் ரௌட்டரும் போய்விடும். வேறு சிலவற்றில் பூட்டுக்கு இணையமே வேண்டாம். பூட்டைப் பதிவு செய்கிறபோதே அதற்கும் கம்பெனியின் சர்வருக்கும் ஒரு பொது ரகசியம் ஏற்பட்டுவிடுகிறது. நான் ராணிப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை" என்று கேட்டால், அந்த ரகசியத்தையும் தேதியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு சர்வர் ஒரு எண் தரும். கதவில் யாராவது அந்த எண்ணை அழுத்தினால், பூட்டு தன் உள்கடிகாரத்தைப் பார்த்து அதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கும். இரண்டுக்கும் நடுவே கம்பி இல்லை, அலை இல்லை. கணக்கு டீச்சருக்கு இது பிடிக்காமல் போகுமா? 2024 ஜூலையில் அப்படி ஒரு பூட்டை வாங்கிப் பொருத்தினேன்.

அக்டோபர் கடைசியில் டானா புயல் ஒடிசாவில் கரையேறியது. ஹவுராவிலிருந்து தெற்கே வருகிற வண்டிகள் பலவற்றை ரத்து செய்துவிட்டார்கள். எங்களிடம் 24-ஆம் தேதி வர வேண்டிய ஒரு தம்பதி வேறு வண்டி பிடித்து 27-ஆம் தேதி சாயங்காலம் வந்தார்கள். நான் கொடுத்திருந்த எண் 24-இலிருந்து பதினைந்து நாளுக்கு. ஆகவே மாற்ற வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். கதவு திறக்கவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுப் பயந்துபோய்ப் போன் செய்தார்கள். பிறகுதான் கையேட்டில் பார்த்தேன்: இணையம் இல்லாமல் தருகிற எண்ணை, தொடங்கும் நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் அது செத்துப்போகும். புது எண் அனுப்பினேன், இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விட்டார்கள். பெரிய கஷ்டம் இல்லைதான். ஆனால் அந்த நேரம் நான் வகுப்பிலோ கல்யாணத்திலோ போனை எடுக்காமல் இருந்திருந்தால்? நீங்கள் பார்க்கிற பூட்டில் இந்த மாதிரி விதி இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கையேட்டை வாங்கி நீங்களே படியுங்கள்.

இன்னொரு சம்பவம். ஒரு வயதான அம்மா, மகன் ஆஸ்பத்திரியில் இருக்க, தனியாகத் திரும்பி வந்தார். மகன் போனில் எண்ணை வங்காளத்தில் சொல்லச் சொல்ல, இவர் அழுத்துகிறார், திறக்கவில்லை. கீழ்வீட்டு அக்கா போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மகன் நான்கு என்று சொல்லும்போதெல்லாம் இவர் 8-ஐ அழுத்தியிருக்கிறார். வங்க எழுத்தில் நான்கு பார்க்க நம்முடைய 8 மாதிரியே இருக்கும். ஏழு கிட்டத்தட்ட 9 மாதிரி. அந்த அம்மாவுக்குத் தெரிந்த எண்கள் அவை மட்டும்தான். தவறு அவருடையது இல்லை. வங்காளிகளுக்கு வாடகைக்கு விடுகிற நான் இதை யோசித்திருக்க வேண்டும்.

அன்றைக்கு முடிவு செய்தேன், 4, 7, 8, 9 இல்லாத எண்தான் தர வேண்டும் என்று. ஆனால் சர்வர் தருகிற எண்ணை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நாமே எண்ணை எழுத, ஒன்று பூட்டுக்குப் பக்கத்தில் போனோடு நிற்க வேண்டும், இல்லை பூட்டையும் வைஃபையையும் இணைக்கிற ஒரு சின்னக் கருவி வாங்கி வீட்டுக்குள் சொருக வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்கு அந்தக் கருவியை வாங்கினேன். அதற்கும் ரௌட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ். நாமே எழுதுகிற எண்ணுக்கு அந்த 24 மணி நேர விதியும் கிடையாது என்பது கூடுதல் நன்மை. மீதி இருப்பது 0, 1, 2, 3, 5, 6 என்று ஆறு இலக்கங்கள். ஆறு இடத்துக்கு 46,656 எண்கள் கிடைக்கும். ஐந்து முறை தப்பாகப் போட்டால் பூட்டு சில நிமிடம் அசையாது. வாசலில் நின்று குருட்டாம்போக்கில் கண்டுபிடிக்க முடியாது, எனக்கு அது போதும். இணையம் போய்விட்டால் பழைய முறையில் ஒரு எண் வாங்கி அனுப்ப வழி இருக்கவே இருக்கிறது. இப்போது எண்ணை அனுப்பும்போது பூட்டின் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்புகிறேன், எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று வட்டம் போட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்து அழுத்திவிடுவார்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற குறிப்புகளில், செக்-அவுட் நேரத்தோடு எண் தானாகக் காலாவதி ஆக வேண்டும் என்று பெரிதாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது ஆகாது. பத்து நாள் என்று வந்தவர்களை டாக்டர் இன்னும் நாலு நாள் இருக்கச் சொல்லிவிடுவார், ரிப்போர்ட் வர வேண்டும் என்பார்கள். நோயாளியை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்து நிற்கும்போது பதினோரு மணியாகிவிட்டது என்று கதவு திறக்க மறுத்தால் அதைவிடக் கொடுமை கிடையாது. அதனால் கடைசி நாளுக்குப் பிறகு மூன்று நாள் சேர்த்தே எண்ணைப் போடுகிறேன். அவர்கள் கிளம்பிவிட்டோம் என்று சொன்ன பிறகு நானே அழிப்பேன்.

பேட்டரி பற்றி. நான்கு டபுள்-ஏ அல்கலைன். ரீசார்ஜ் பண்ணுகிற பேட்டரி போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. பூட்டு மீதி சார்ஜைத் தப்பாகக் கணக்கிட்டு, எச்சரிக்கையே தராமல் ஒருநாள் நின்றுவிடலாம். முற்றிலும் தீர்ந்துபோனால் வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் கொடுத்துத் திறக்க வழி இருக்க வேண்டும். சில பூட்டுகளில் அதற்குச் சதுரமான 9 வோல்ட் பேட்டரியைத் தொட வைக்க வேண்டும். நடுராத்திரியில் அதற்கு எங்கே போவது? டைப்-சி துளை உள்ளதாக எடுங்கள். மூன்று நாள் ரயிலில் வருகிற குடும்பத்தில் பவர்பேங்க் இல்லாமல் இருக்காது. அவசரத்துக்கு ஒரு சாவித் துளையும் வேண்டும், அதை மலிவாகச் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். மின்னணுப் பகுதி எவ்வளவு பலமாக இருந்தாலும் திருடன் அந்தத் துளையைத்தான் பார்ப்பான். அந்தச் சாவி ஒன்று கீழ்வீட்டு அக்காவிடம், ஒன்று என்னிடம்.

மழைக்காலத்தில் கதவு லேசாக ஊதி, பூட்டின் நாக்கு, கதவு நிலையில் உள்ள தகட்டுத் துளைக்கு நேராக வராமல் உரசியது. கையால் திருகுகிற பூட்டு என்றால் நாம் கதவை ஒரு தள்ளு தள்ளிப் பூட்டுவோம். மோட்டாருக்கு அது தெரியாது, முக்கிக்கொண்டே இருந்து பேட்டரியைத் தீர்த்துவிடும். ஆசாரி வந்து துளையை அரம் போட்டு இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக்கினார். சரியாகிவிட்டது.

பூட்டைப் பொருத்த வந்த பையன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல பையன், வேலையும் சுத்தம். ஆனால் பூட்டைத் தன் போனில் உள்ள ஆப்பில் பதிந்து, "அப்புறமா உங்களுக்கு மாத்தி விடறேன் மேடம்" என்றான். அது அவர்கள் வழக்கமாம். நான் விடவில்லை. அழித்து, என் போனில், என் மின்னஞ்சலில் முதலிலிருந்து பதியச் சொன்னேன். 1-2-3-4-5-6 என்று கம்பெனியிலிருந்தே வருகிற நிர்வாக எண்ணையும் அவன் எதிரிலேயே மாற்றினேன். யாருடைய போனில் பதிந்திருக்கிறதோ அவருடையதுதான் உங்கள் வீடு.

உள்பக்கத் தாழ்ப்பாளைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பழைய கதவில் மேலே ஒரு நீளத் தாழ்ப்பாள் இருந்தது. ஒருமுறை மகன் மருந்து வாங்கப் போயிருந்தபோது, தாழிட்டுக்கொண்டு படுத்திருந்த அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம். ஜன்னல் வழியாகக் குச்சி விட்டுத் தாழை நீக்குவதற்குள் எல்லாருக்கும் உயிர் போய் வந்தது. தாழ்ப்பாளை எடுத்துவிடலாம் என்றால், ஊர் தெரியாத இடத்தில் தனியாக இருக்கிற பெண்களுக்கு அதுதான் தைரியம். டிஜிட்டல் பூட்டில் உள்ளே ஒரு குமிழ் இருக்கிறது, திருகினால் வெளியிலிருந்து எந்த எண்ணும் வேலை செய்யாது, என் நிர்வாக எண்ணும் அவசரச் சாவியும் மட்டும் திறக்கும். நீளத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு இதை வைத்துக்கொண்டேன். ஆனால் வருகிற ஒவ்வொருவரிடமும், "என்னால் திறக்க முடியும், நீங்கள் கூப்பிட்டால் ஒழிய திறக்க மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். சொல்லாமல் இருப்பது நியாயம் இல்லை. உள்ளேயிருந்து வெளியே போக எண்ணே வேண்டாம், கைப்பிடியை அழுத்தினால் திறக்கும். தீப்பிடித்தாலும் நெஞ்சு வலித்தாலும் அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத பூட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அதேபோல ஆப், கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் செய்தி அனுப்பும். முதல் வாரம் பார்த்தேன். காலை ஐந்தரைக்குக் கதவு திறக்கிறது, ரத்தப் பரிசோதனை வரிசைக்குப் போகிறார்கள். ராத்திரி ஒன்றே காலுக்குத் திறக்கிறது, யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை. இன்னொருவர் கவலையைச் சுவரில் காது வைத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. அறிவிப்பை நிறுத்திவிட்டேன். பேட்டரி குறைந்தால் மட்டும் சொல்லும்படி வைத்திருக்கிறேன். பதிவு உள்ளே இருக்கும், தேவை வந்தால் பார்க்கலாம், இதுவரை வரவில்லை.

எண் பூட்டு வந்ததும் இனி நேரில் போகவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அடையாள அட்டைகளைப் பார்க்க வேண்டும், பங்களாதேஷ்காரர்கள் வந்தால், வெளிநாட்டவர் தங்கியிருப்பதை 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அதைவிட, ஆளைப் பார்க்க வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், இப்போது நான் ராத்திரி மூன்று மணிக்குப் போவதில்லை. அவர்கள் உள்ளே போய், குளித்து, தூங்கி எழுந்த பிறகு, சாயங்காலம் பள்ளி விட்டு ஒரு பாக்கெட் பாலோடு போகிறேன். அப்போது அவர்களும் பேசுகிற நிலையில் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன்.

தோழிகள் செலவையும் கேட்டிருந்தார்கள். பூட்டு பன்னிரண்டாயிரத்து எண்ணூறு, கருவி இரண்டாயிரம், யுபிஎஸ் ஆயிரத்து அறுநூறு, ஆசாரிக்கு இரண்டு தடவையாக ஆயிரத்து முந்நூறு. பேட்டரியை வருடத்துக்கு இரண்டு முறை, தீர்ந்தாலும் தீராவிட்டாலும், மாற்றிவிடுகிறேன். பொங்கலுக்கு மறுநாள் ஒன்று, ஆடிப்பெருக்கு அன்று ஒன்று. அம்மாவின் மாங்காய் பூட்டுக்கும் அந்த இரண்டு நாள்தான் எண்ணெய் விடுகிறேன்.